கூட்டுப் பாட்டில் பங்கு: கடிதம்

அன்புள்ள அண்ணா,

வியாசர்பாடியில் இருக்கிறேன். கானா எழுதிப் பாடுகிறேன். நண்பர்களின் ராப் பாட்டுகளுக்கு ஹூக்கும், அதாவது திரும்பத் திரும்ப வரும் பகுதியும், பாடிக்கொடுக்கிறேன். பாட்டு நன்றாக ஓடுகிறது, 'ஃபீச்சரிங்' என்று என் பெயரும் வருகிறது, பணம்தான் வருவதில்லை. இனி தனிப்பாட்டு மட்டும் போடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

அடுத்தவருக்குப் பாடுவதை நிறுத்தாதீர்கள். சினிமா துணை இல்லாத பாடகரைப் புதியவர்கள் கேட்பது பெரும்பாலும் இன்னொருவர் பாட்டின் வழியாகத்தான். இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் முன்னெடுத்த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரியில் மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் சேர்ந்தே நின்றன. கானா அதனால் பெற்றது அதிகம்.

பணம் வராததற்குக் காரணம் வேறு. ஒரு பாட்டில் இரண்டு சொத்து உண்டு. வரியும் மெட்டும் ஒன்று, பதிவான ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொன்று. 'ஃபீச்சரிங்' இரண்டிலும் பங்கு தராது. பாட்டைச் செயலிகளில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, மாஸ்டர் பணம் அவருக்குத்தான் போகும்.

ஆகவே பதிவு முடிந்த அன்றே ஒரு ஸ்பிளிட் ஷீட், அதாவது யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தாள், எழுதிவிடுங்கள். நூற்றில் வரிக்கு 50, மெட்டுக்கு 50 என்று தொடங்குங்கள். ஹூக்கின் வரியும் மெட்டும் உங்களுடையவை, ராப் வரி நண்பருடையது, பீட், அதாவது பின்னணி இசை, மூன்றாமவருடையது என்றால் வரியில் நீங்களும் நண்பரும் ஆளுக்கு 25, மெட்டில் நீங்களும் பீட்காரரும் ஆளுக்கு 25. உங்களுக்கு மொத்தம் 50. கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் உழைப்பு. மாஸ்டர் பங்கை அதே தாளில் தனியாக எழுதுங்கள். யார் கணக்கிலிருந்து பாட்டு ஏறும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுவார், உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துகள் எவை என்பதும் வேண்டும். பெயரில் ஓரெழுத்து மாறினாலும் செயலிகளில் உங்களுக்கு இரண்டு பக்கம் உருவாகி, கேட்பவர்கள் பிரிந்துபோவார்கள். எல்லோரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பீட் சொந்தமா, லீஸா (வாடகையா) என்று கேட்டுவிடுங்கள். லீஸ் பீட்டைப் பலர் வாங்கியிருப்பார்கள். அதில் ஒருவர் தன் பாட்டை ஒலியை வைத்துப் பாட்டை அடையாளம் காணும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் ஏற்றினால் மற்றவர்கள் பாட்டுக்கும் உரிமைக் க்ளெய்ம் விழும். ஏரியாவே பாடும் பழைய மரண கானா மெட்டு என்றால் மெட்டுக்குப் பங்கு கேட்காதீர்கள், வரிக்கு மட்டும் கேளுங்கள். அந்த மெட்டு ஊர்ச்சொத்து.

வெளிவந்த பாட்டுகளும் கைவிட்டுப் போய்விடவில்லை. 1957 காப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உரிமை கைமாறும். அந்தத் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரியும் மெட்டும் எழுதியவர் தன் சமபங்கு ராயல்ட்டியை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. அப்படியொரு காப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதியுங்கள். அங்கே எழுதியதற்கும் மெட்டமைத்ததற்கும்தான் பணம், வெறுமனே பாடியதற்குக் கிடையாது. பழைய பாட்டுகளுக்கும் இப்போதே ஷீட் எழுதலாம். அதிகம் ஓடும் பாட்டிலிருந்து தொடங்குங்கள்.