காலி வரி வந்தும் லூப் நிற்கவில்லையே, ஏன்?

கேள்வி: ஒரு வெப் சர்வரிடம் பக்கம் கேட்டு, பதிலில் பக்கத்துக்கு முன் வரும் ஹெட்டர்களை (பெயரும் மதிப்பும் கொண்ட தகவல் வரிகள், ஒரு காலி வரியோடு முடியும்) பிரிக்க, சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) வைத்துப் பெர்ல் நிரல்மொழியில் நானே ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு வரியின் முடிவுக் குறியையும் பெர்லின் சோம்ப் கட்டளையால் நீக்கி, வரி காலியாக இருந்தால் லூப்பை முடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லும் ஹெட்டரோடு சேர்ந்துவிடுகிறது. போகவேண்டிய முகவரியைச் சொல்லும் லொகேஷன் ஹெட்டரில் முழு முகவரிக்குப் பதில் 'ஹெச்டிடிபிஎஸ்' மட்டும் நிற்கிறது. இரண்டு நாளாகத் தேடுகிறேன்.

பதில்: காலி என்று நீங்கள் நினைக்கும் அந்த வரி காலி இல்லை. ஹெட்டர் வரி ஒவ்வொன்றும் கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் என்ற இரண்டு எழுத்துகளோடு முடியும்; சோம்ப் எடுப்பது லைன் ஃபீடை மட்டும்தான், மற்றது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாததுதான் தொல்லையே. ஒன்று செய்யுங்கள்: வரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்து டெர்மினலில் பிரின்ட் செய்யுங்கள், கடைசியில் வரவேண்டிய மூடும் குறி வரியின் தொடக்கத்துக்கு ஓடிவந்து திறக்கும் குறியின் மேலேயே உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் கேரேஜ் ரிட்டர்ன் கர்சரை இடது ஓரத்துக்கு இழுத்துவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகமே வராது.

சோம்ப்பை எடுத்துவிட்டு, வரிக் கடைசியில் லைன் ஃபீடையும், அதற்கு முன் கேரேஜ் ரிட்டர்ன் இருந்தால் அதையும் நீக்குகிற ரெஜெக்ஸ் (எழுத்து அமைப்பைத் தேடி மாற்றும் கோவை) போடுங்கள். இரண்டும் கட்டாயம் இருக்கவேண்டும் என்று எழுதாதீர்கள். வெறும் லைன் ஃபீடையும் வரி முடிவாக ஏற்கலாம் என்று 2022-இல் வந்த ஹெச்டிடிபி தர ஆவணமான ஆர்எஃப்சி 9112 சொல்கிறது.

லொகேஷன் அறுந்துபோவது, வரியைத் துண்டாக்கும் ஸ்ப்ளிட் கட்டளையால். எல்லா முக்காற்புள்ளியிலும் (:) அது வெட்டுகிறது, முகவரிக்குள்ளேயே ஒன்று இருக்கிறதே! ஸ்ப்ளிட்டுக்கு மூன்றாவது மதிப்பாக 2 கொடுங்கள், முதல் முக்காற்புள்ளியோடு நின்றுவிடும். உங்கள் டேட் ஹெட்டரையும் பாருங்கள், 08:49:37 என்று வரவேண்டியது 08-உடன் நின்றிருக்கும்.

ஹெட்டர் பெயரைச் சின்ன எழுத்தாக மாற்றிய பிறகே ஹாஷில் (ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு வைக்கும் பட்டியல்) வையுங்கள். குக்கியை வைக்கச் சொல்லும் செட்-குக்கி ஹெட்டர் பல முறை வரும், நேராக ஹாஷில் போட்டால் கடைசிக் குக்கி மட்டும்தான் மிஞ்சும். லாகின் நிற்காமல் போவதற்கு இது ஒன்றே போதும். காற்புள்ளி போட்டு ஒட்டவும் கூடாது, குக்கி காலாவதியாகும் எக்ஸ்பயர்ஸ் தேதிக்குள் காற்புள்ளி உண்டு. குக்கிகளை அர்ரேயாக (வரிசைப் பட்டியலாக) வையுங்கள்.

கற்றுக்கொள்ள எழுதுகிறீர்கள் என்றால் சரி, தொடருங்கள். ஆபீஸ் வேலைக்கு என்றால் ஹெச்டிடிபி டைனி என்ற தயார் மாட்யூலுக்கு மாறிவிடுங்கள், 2011-இல் வந்த 5.14 பதிப்பு முதல் பெர்லோடேயே வருகிறது. ஹெச்டிடிபிஎஸ் முகவரிகளுக்கு ஐஓ சாக்கெட் எஸ்எஸ்எல் மாட்யூலையும் தனியாகப் போடவேண்டும்.