'இஃப்' வந்தால் 'வில்' எங்கே போகிறது? – கேள்வி பதில்

டீச்சர், மழை நாளைக்குத்தான் பெய்யப்போகிறது. 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதினால் சுழித்துவிடுகிறார்கள். ஏன்?

தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? "நாளைக்கு மழை பெய்தால்..." பெய்தது–பெய்தால், வந்தது–வந்தால், போனது–போனால். நாளைய சங்கதிக்கு இறந்தகால உருவத்தில் 'ஆல்' ஒட்டுகிறோம், யாரும் குழம்புவதில்லை. ஆங்கிலக்காரர் அதே இடத்தில் நிகழ்காலத்தை வைக்கிறார்: 'இஃப் இட் ரெயின்ஸ், வி வில் ஸ்டே ஹோம்.' வில் அடுத்த பாதிக்குத்தான்.

ஆனால் ஒரு ஹோட்டல் வரவேற்பில் 'இஃப் யூ வில் வெயிட் ஹியர்' என்றார்களே?

நல்ல காது. அந்த வில் எதிர்காலம் அல்ல, "காத்திருக்க மனசிருந்தால்" என்ற மரியாதை.

'இஃப் ஐ ஹேட் டைம்' என்றால் நேற்று நேரம் இருந்ததா, இன்றைக்கா?

இன்றைக்கு, அதுவும் இல்லாத நேரம். நமக்கு இங்கேதான் இடறும். "நேரம் இருந்தால் கூப்பிடுறேன்" என்பதில் கூப்பிடுவாரா மாட்டாரா என்று குரலை வைத்துத்தான் ஊகிக்கணும். ஆங்கிலத்தில் வினையே காட்டிக்கொடுத்துவிடும். 'இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கால்' என்றால் போன் வரலாம். 'இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கால்' என்று எழுதியிருந்தால் போனைக் கீழே வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

இஃப் ஐ வாஸ், இஃப் ஐ வேர். எது சரி மேடம்?

பேச்சில் இரண்டும் ஓடுகிறது. பரீட்சையில் வேர். 'இஃப் ஐ வேர் யூ' மட்டும் எங்கேயும் மாற்றாதீர்கள்.

எங்கள் டீம் லீடர் 'இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ' என்கிறார். திருத்தலாமா?

அவரைத் திருத்துவது உங்கள் வேலையைப் பொறுத்தது! அமெரிக்கர்களே பேச்சில் அப்படிச் சொல்வதுண்டு, எழுத்தில் தவறு. "சொல்லியிருந்தால் வந்திருப்பேன்" என்பதை அப்படியே வையுங்கள்: இருந்தால் என்பதற்கு ஹேட், இருப்பேன் என்பதற்கு வுட் ஹேவ். 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்.'

குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் காதுதான். 'இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்' என்று வேகமாகச் சொல்லும்போது முதல் ஐட் 'ஐ ஹேட்', இரண்டாவது 'ஐ வுட்'. கேட்க இரண்டும் ஒன்றே. எழுதும்போது விரித்து எழுதிப் பழகுங்கள்.

'இஃப்' வாக்கியங்களை ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று பிரிக்கிறார்களே, அந்த நாலு வகையையும் மனப்பாடம் செய்யணுமா?

தேர்வில் பெயர் கேட்பார்கள் என்றால் செய்யுங்கள். எனக்கு அந்த எண்களில் பிரியமில்லை. 'இஃப் ஐ ஹேட் டேக்கன் தட் ஜாப், ஐ வுட் பி இன் சென்னை நவ்.' வேலையை ஏற்காதது அன்று, சென்னையில் இல்லாதது இன்று. இது நாலில் எதிலும் அடங்காது. இரண்டு பாதிக்கும் தனித்தனியாக "எப்போது? நிஜமா, கற்பனையா?" என்று கேட்டுக்கொண்டால் போதும்.

'அன்லெஸ் யூ டோன்ட் பே, வி வில் கட் த லைன்' சரியா?

அன்லெஸ்ஸுக்குள்ளேயே ஒரு 'இல்லை' இருக்கிறது, டோன்டை எடுத்துவிடுங்கள். இப்போது இருக்கிறபடி, பணம் கட்டினவர் வீட்டில்தான் லைனை வெட்டுவார்கள்.