முன் அனுபவம் இல்லாதவர் வணிக விமானி ஆக முடியுமா?

"விமானத்தை அருகில் நின்றுகூடப் பார்த்ததில்லை, பயிற்சி பெற்று நான் வணிக விமானி ஆக முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நானும் ஒன்றும் அறியாதவனாகத்தான் பயிற்சியில் சேர்ந்தேன். பாடத்திட்டமே அப்படிப்பட்டவர்களை மனத்தில் கொண்டுதான் அமைக்கப்பட்டிருக்கிறது.

பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டும் முன், வணிக விமானிக்குரிய முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழைப் பெற்றுவிடுங்கள். கண்ணாடி அணிவது பொதுவாகத் தடையாவதில்லை. ஆனால் நிறங்களைப் பிரித்தறிவதில் குறை, வலிப்பு, சிலவகை இதயக் கோளாறுகள் ஆகியவை தடையாகலாம். என்னுடன் சேர்ந்த ஒருவர் கட்டணம் செலுத்திய பிறகே பரிசோதனைக்குப் போனார். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணை அவரால் படிக்க முடியவில்லை. அதுவரை தமக்கு அந்தக் குறை இருப்பதே அவருக்குத் தெரியாது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, வணிக விமானி உரிமத்திற்குக் குறைந்தது 18 வயதும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாக இருந்தால் 150 மணி நேரம் போதும். சில நாடுகள் இதற்கு மேலும் கேட்கின்றன. இந்த மணிக்கணக்கில், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்று, குறைந்தது 540 கிலோமீட்டர் செல்லும் ஒரு பயணத்தையும் நீங்களே பொறுப்பேற்று நடத்தியிருக்க வேண்டும். வானிலையியல், வழிகாணல், விமானச் சட்டம் போன்ற பாடங்களுக்கு எழுத்துத் தேர்வுகள் உண்டு. அவற்றைப் பறக்கத் தொடங்கும் முன்பே படித்துவிட்டால், விலை மிகுந்த பறப்பு நேரத்தில் பயிற்சியாளர் சொல்வது உடனே விளங்கும்.

புதியவர்கள் மிகவும் திணறுவது தரையிறங்குவதில்தான். ஓடுபாதைக்குச் சில அடி உயரத்தில் விமானத்தின் மூக்கை மெல்ல உயர்த்தி, இறங்கும் வேகத்தைக் குறைத்து, சக்கரங்களைத் தொடவிட வேண்டும். இதை 'ஃப்ளேர்' என்பார்கள். நான் வாரக்கணக்கில் இதில் தவறினேன்: ஒருமுறை அவசரப்பட்டு உயர்த்தியதில் விமானம் மீண்டும் மேலெழும்பும், அடுத்த முறை தாமதித்ததில் 'தட்' என்று விழும். மூக்கிற்கு நேர்முன்னே விரைந்து வரும் தரையை நான் பார்ப்பதுதான் காரணம் என்று பயிற்சியாளர் கண்டுபிடித்தார். ஓடுபாதையின் மறுகோடியைப் பார்க்கப் பழகிய பிறகே உயரம் எனக்குப் பிடிபட்டது.

சில நாட்களில் அவர் இறங்கிக்கொண்டு, தம் இருக்கையின் பெல்ட்டைக் காலி இருக்கையிலேயே பூட்டிவிட்டு, தனியாக ஒரு சுற்று வரச் சொன்னார். ஒருவரின் எடை குறைந்ததில் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே தரையை விட்டு எழுந்தது. அந்த வேறுபாட்டை என் கைகள் உணர்ந்தது இன்றும் நினைவிருக்கிறது.

உரிமம் வாங்கியதும் பயணிகள் விமானத்தில் அமர்ந்துவிட முடியாது என்பதையும் அறிந்திருங்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி, பல எஞ்சின் விமானத் தகுதி, பறக்கப்போகும் குறிப்பிட்ட ரகத்திற்கான பயிற்சி ஆகியவை பின்னால் வரும். அவற்றின் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

கட்டணம் முழுவதையும் ஒரே தவணையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன். பள்ளியின் இரண்டு விமானங்கள் பழுதுபார்க்கப் போனதால் நான்கு மாதங்கள் தரையிலேயே கிடந்தேன். திரும்பி வந்தபோது ஃப்ளேரை முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது, அதற்கான மணி நேரங்களுக்கும் நானே பணம் கொடுத்தேன். ஆகவே சேரும் முன், வானம் தெளிவாக உள்ள ஒரு வேலை நாளில் காலை முழுவதும் அங்கே நின்று, அவர்கள் சொல்லும் விமானங்களில் உண்மையில் எத்தனை மேலே ஏறுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.