வோல்ட்டேஜ் கொடுத்து கெயினை (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை) மாற்றும் ஆம்ப் எப்படி வேலை செய்கிறது? ஒரு வொலியூம் கண்ட்ரோல் போதாதா?

பாட்டுக் கேட்பதற்கென்றால் தாராளமாகப் போதும். மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிக்னலுக்குச் சரிவராது. (ஏ.எல். பௌதிகப் புத்தகத்தில் ஆம்புக்கு ‘விரியலாக்கி’ என்று பெயர். ஹட்டனில் ரிப்பேர் கடையில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் ஆம்ப் என்றே எழுதுகிறேன்.)

10 கிலோ ஓம் வொலியூமை நடுவில் வைத்தால் அடுத்த கட்டத்துக்கு அது 2.5 கிலோ ஓமாகத் தெரியும். வயர், பின் எல்லாம் சேர்ந்து அங்கே ஒரு 20 பிக்கோஃபாரட் கப்பாசிட்டர் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டும் கூடினால் 3 மெகாஹெர்ட்ஸ் வாக்கிலேயே சிக்னல் சரியத் தொடங்கிவிடும். திருகத் திருக அந்த எல்லையும் இடம் மாறும். சரி, ஓப் ஆம்ப் என்கிற ஆம்ப் சிப்பில் கெயினைத் தீர்மானிக்கும் ஃபீட்பேக் தடையை மாற்றலாமே என்றால், 100 மெகாஹெர்ட்ஸ் கெயின்-பேண்ட்விட்த் (கெயினையும் அது எட்டும் மெகாஹெர்ட்ஸையும் பெருக்கினால் வரும் எண்) உள்ள ஆம்ப் 10 மடங்கு பெருக்கும்போது 10 மெகாஹெர்ட்ஸ் வரைதான் போகும், 100 மடங்குக்கு வெறும் 1 மெகாஹெர்ட்ஸ்.

கெயினைக் கையால் திருகி மாற்ற நேரமே இல்லாத இடம் ஒன்று உண்டு. மனைவிக்கு ஸ்கேன் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். மெஷினில் வரிசையாக இருந்த குட்டி ஸ்லைடர்களை டொக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். மேலே உள்ளதைத் தள்ளினால் திரையின் மேல்பகுதி வெளுத்தது, கீழே உள்ளதைத் தள்ளினால் அடிப்பகுதி. பிள்ளையைப் பார்க்காமல் ஸ்லைடரைப் பார்த்ததற்கு வீட்டுக்கு வந்ததும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒலி உடம்புக்குள் போகப் போகத் தேயும். சென்டிமீட்டருக்கு, மெகாஹெர்ட்ஸுக்கு அரை டெசிபல் என்று தோராயமாகக் கணக்கு வைப்பார்கள் (சிக்னல் 10 மடங்கு மாறினால் 20 டெசிபல்). 5 மெகாஹெர்ட்ஸில் 10 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்பினால் 50 டெசிபல் போச்சு. அந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் 130 மைக்ரோசெக்கன். அதற்குள் கெயினும் 50 டெசிபல் ஏற வேண்டும். ஒரே சீராக ஏறும் ஒரு வோல்ட்டேஜைக் கொடுத்துத்தான் அதைச் செய்கிறார்கள். அந்த ஏற்றத்தை ஆழத்துக்கு ஆழம் கூட்டிக் குறைக்கத்தான் ஸ்லைடர்கள்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அனலாக் டிவைசஸின் ஏ.டி.603 சிப்பை எடுத்துக்கொள்கிறேன். சிப் வடிவமைப்பாளர் பாரி கில்பர்ட் யோசித்த முறை இது. இதில் எனக்குப் பிடித்ததே ஆம்பைத் தொடாமல் விட்டதுதான். அதன் கெயின் எப்போதும் 31.07 டெசிபல், அதனால் அது எட்டும் 90 மெகாஹெர்ட்ஸ் எல்லையும் அசையாது. மாறுவது, அதற்குள் போகிற சிக்னலின் அளவு மட்டும். முன்னால் தடைகளால் கட்டிய ஏழு படி ஏணி ஒன்று இருக்கிறது. ஒரு படி இறங்கினால் சிக்னல் பாதி, அதாவது 6.02 டெசிபல் குறைவு. ஏழும் இறங்கினால் 42.14.

படிக்குப் படி குதித்தால் கெயின் படக் படக்கென்று மாறும். கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்குகிற அம்மாவைப் பாருங்கள். பின்கால் மேல்படியில் ஊன்றியிருக்கும்போதே பாரம் முன்காலுக்கு மெல்ல மாறும். இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொரு படிக்கும் ஒரு டிரான்சிஸ்டர் சோடி காவல். கண்ட்ரோல் வோல்ட்டேஜ் ஏற ஏற ஒரு சோடி மங்கும், பக்கத்துச் சோடி விழிக்கும். 0 வோல்ட்டில் கெயின் 10 டெசிபல், +0.5 வோல்ட்டில் 30, −0.5 வோல்ட்டில் −10. வோல்ட்டுக்கு 40 டெசிபல், நேர்கோடு.

இதை வாங்குவதற்கு முன்னால் வெறும் டிரான்சிஸ்டர் சோடியிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன். 60 மில்லிவோல்ட்டுக்கு மின்னோட்டம் பத்து மடங்கு மாறும், 120 மில்லிவோல்ட்டில் 40 டெசிபல் கைக்கு வந்துவிடும். கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த 60 என்பது வெப்பநிலையோடு சேர்ந்து நகரும். 30 டிகிரியில் 40 டெசிபல் காட்டிய அதே சர்க்கிட் 10 டிகிரியில் 43 பக்கம் போகும். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் ஒரு அளவு, மத்தியானம் வெயில் ஏறியதும் வேறு அளவு. இரண்டு நாள் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். சிப்பில் இந்த நகர்வை உள்ளேயே சரிக்கட்டி வைத்திருக்கிறார்கள்.

சிப் வந்த பிறகும் உறுமல் ஒன்று கேட்டது. சப்ளையிலிருந்து கண்ட்ரோல் வயருக்கு 10 மில்லிவோல்ட் 100 ஹெர்ட்ஸ் அலை கசிந்துகொண்டிருந்தது. வோல்ட்டுக்கு 40 டெசிபல் என்றால் அது 0.4 டெசிபல், கெயின் அந்த அளவுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். தனி ரெகுலேட்டர் போட்டு, கண்ட்ரோல் பின்னுக்குச் சின்ன ஃபில்டர் ஒன்றும் வைத்த பிறகுதான் அடங்கியது. ஃபில்டர் கப்பாசிட்டரைப் பெரிதாகப் போட்டுவிடாதீர்கள், ஸ்கேன் மாதிரி வேகமான வேலைக்கு கெயின் நேரத்துக்கு வந்து சேராது.