ஸ்டாம்பீட் பான்கேக் காலையுணவு நடத்தப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

ஜூலை பிறந்தால் கனடாவின் கால்கரி நகரில் ஸ்டாம்பீட் என்ற கௌபாய் திருவிழா; தெருவுக்குத் தெரு பான்கேக்தான். எங்கள் பகுதி சமூக நிலையம் நடத்தும் காலையுணவில் வருடா வருடம் அடுப்புப் பக்கம் நிற்பவள் நான். முதல் தடவை நடத்தப் போகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: இந்தப் பழக்கம் எப்படி வந்தது அக்கா?

1923-இல் வந்தது. ஸ்டாம்பீடில் சக்வேகன் பந்தயம் தொடங்கியதும் அதே வருடம்தான். மாடு மேய்ப்பவர்களுக்குச் சமைத்துப் போடும் குதிரை வண்டிதான் சக்வேகன். அதை ஓட்டிவந்த ஜாக் மார்ட்டன், தெருவில் போனவர்களையும் சாப்பிடக் கூப்பிட்டார். இன்றும் பல இடங்களில் காசு வாங்காமல்தான் பரிமாறுகிறார்கள்.

கேள்வி: இலவசமாகப் போட்டால் தர்மத்துக்கு நிதி எப்படிச் சேரும்? டிக்கெட் வைக்கலாமே?

வைக்கலாம். ஆனால் நான் உண்டியல் பக்கம்தான். ஐந்து பேர் உள்ள குடும்பம் டிக்கெட் விலையைப் பார்த்துத் திரும்பிப் போய்விடும். உண்டியல் என்றால் முடிந்ததைப் போட்டுவிட்டு வயிறார சாப்பிடும். முக்கியமான வேலை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. மாவு, சாசேஜ், காப்பி, தட்டு எல்லாவற்றையும் பக்கத்துக் கடைகளிடம் நன்கொடையாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். செலவு இல்லையென்றால் உண்டியலில் விழுவது முழுவதும் தர்மத்துக்கே போகும். பணம் யாருக்கு என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, உண்டியலருகே பேசத் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். "நல்ல காரியத்துக்கு" என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் கை நீளாது.

கேள்வி: வரி ரசீது கொடுக்கலாமா?

பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் மட்டுமே கொடுக்க முடியும். டிக்கெட் என்றால் சாப்பாட்டின் மதிப்பைக் கழித்துத்தான் ரசீது. அந்த மதிப்பு கொடுத்த தொகையில் 80 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக ரசீதே கிடையாது. 10 டாலர் டிக்கெட்டுக்கு 9 டாலர் சாப்பாடு போட்டால் ரசீதை மறந்துவிடுங்கள்.

கேள்வி: 200 பேர் வருவார்கள். எவ்வளவு மாவு வேண்டும்?

ஆளுக்கு இரண்டு, மறுபடி கேட்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து 500 பான்கேக் என்று வையுங்கள். ஒன்றுக்குக் கால் கப், அதாவது 60 மில்லி. ஆக 30 லிட்டர் கரைத்த மாவு. ஒரே நேரத்தில் 15 வேகும் கேஸ் கல் இரண்டு இருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

கேள்வி: போன வருடம் எங்கள் பான்கேக் ரப்பர் மாதிரி இழுத்தது. ஏன்?

மாவை அடித்துக் கலக்கியிருப்பீர்கள். கோதுமை மாவை அடிக்க அடிக்கப் பசை ஏறும். சின்னச் சின்னக் கட்டி இருக்கும்போதே கரண்டியை எடுத்துவிட வேண்டும். தோசை மாவு போல முந்தின இரவே கரைத்து வைப்பதும் கூடாது. பேக்கிங் பவுடரின் வேகம் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். கல்லின் சூடு 190 டிகிரி செல்சியஸ். மேலே குமிழி வெடித்து, அந்த ஓட்டை மூடாமல் நின்று, ஓரம் பளபளப்பு இழந்ததும் திருப்புங்கள். ஒரே தடவைதான். திருப்பிய பிறகு கரண்டியால் அழுத்துகிறார்களே, பார்க்கவே மனசு கேட்காது!

கேள்வி: சைவம், ஹலால் சாப்பிடுபவர்களுக்கு?

பன்றி சாசேஜுக்குத் தனிக் கல், தனி இடுக்கி. ரெடி மிக்ஸ் சிலவற்றில் முட்டைப்பொடி இருக்கும்; பையைத் திருப்பிப் படியுங்கள். முட்டையில்லாத பான்கேக்குக்கும் ஒரு கல் ஒதுக்கிப் பலகை வைத்துவிட்டால், கேட்கக் கூச்சப்படுபவர்களும் வரிசைக்கு வருவார்கள்.

கேள்வி: அசல் மேப்பிள் சிரப்தான் ஊற்ற வேண்டுமா?

நன்கொடையாகக் கிடைத்தால் ஊற்றுங்கள். ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாறு காய்ச்சினால்தான் 1 லிட்டர் சிரப். அந்த விலை கட்டாது. சோளச் சிரப்பே போதும்.

கேள்வி: அனுமதி?

சுகாதாரத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 4 டிகிரிக்குக் கீழ். கேஸ் கல் திறந்த வெளியில், பக்கத்தில் தீயணைப்பான்.

கேள்வி: மிஞ்சினால்?

பிரிக்காத மாவுப் பைகளை உணவு வங்கிக்குக் கொடுங்கள். கரைத்த மாவைக் கொட்டிவிடுங்கள்.