செத்தவை எந்த மாதத்துக் குஞ்சுகள்?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் மணப்பாறைக்குப் பக்கம். பெரியதும் சிறியதுமாக 54 நாட்டுக்கோழி வைத்திருந்தேன். ஆடி மாத நேர்த்திக்கடனுக்காகச் சந்தையில் இரண்டு சேவல் வாங்கி வந்தோம். ஒன்பதாம் நாள் அதில் ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. இரண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. கடையில் கொடுத்த மஞ்சள் பவுடரைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். ஒரு வாரத்தில் 31 போய்விட்டன, பெரும்பாலும் விடைக்கோழிகளும் (வளரும் இளங்கோழிகள்) குஞ்சுகளும். பிப்ரவரி முகாமில் ஊசி போட்டும் ஏன் வந்தது? மிச்சத்துக்கு என்ன மருந்து கொடுக்கலாம்? ஒரு கோழி அடையில் இருக்கிறது, அதை என்ன செய்வது?

பதில்: அம்மா, மருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு அப்படியே பொருந்துகிறது. முகாம் நோட்டீசில் கோழிக்கழிச்சல் என்று போடுவதும், மருத்துவர்கள் ராணிக்கெட் என்று சொல்வதும் இதைத்தான். இது வைரஸ். இதைக் குணப்படுத்தும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. உங்களுக்குக் கொடுத்தது அநேகமாக ஆன்டிபயாடிக் பவுடராகத்தான் இருக்கும். அது பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. கோழியைப் பார்க்காமல், எத்தனை செத்தது என்றுகூடக் கேட்காமல் டப்பாவை எடுத்து நீட்டும் கடைக்காரர் உங்கள் காசை மட்டும் எடுக்கவில்லை. மருந்து கொடுத்தாயிற்றே என்று நீங்கள் காத்திருந்த நாட்களையும் எடுத்துவிட்டார். அந்த நாட்களில்தான் நோய் கூடு முழுக்கப் பரவியது. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். கொடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதைத் தடுப்பூசிக்குப் பதிலாக நினைக்காதீர்கள்.

இனி, ஊசி போட்டும் ஏன் வந்தது என்ற கேள்வி. இதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. செத்தவை பெரும்பாலும் விடைகளும் குஞ்சுகளும். அவை எந்த மாதத்தில் பொரித்தவை? நீங்கள் எழுதவில்லை. குறித்து வைத்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன், நம் ஊர்களில் யாரும் குறிப்பதில்லை. முகாமில் போடும் ஊசி எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு மட்டும். அன்று பஞ்சாரத்துக்குள் இருந்த குஞ்சுகளுக்குப் போட்டிருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு ஆடி வரை உங்கள் தாய்க்கோழிகள் இரண்டு ஈடாவது, அதாவது இரண்டு அடைக் குஞ்சுகளாவது, பொரித்திருக்கும். ஆக, ஆடியில் உங்கள் வாசலில் மேய்ந்த 54-இல் பாதிக்கு மேல் தடுப்பூசியையே பார்க்காத உயிர்கள். ஊசி தோற்கவில்லை. போட்ட பெரிய கோழிகளை அது காப்பாற்றியிருக்கிறது.

பண்ணையில் ஒரே வயதுக் குஞ்சுகள் ஒரே நாளில் இறங்கும், ஒரே நாளில் தடுப்புச் சொட்டு மருந்து கொடுத்துவிடலாம். கிராமத்துக் கோழிக்கூட்டம் அப்படியா? விற்கிறோம், அறுக்கிறோம், நாய் தூக்குகிறது, அடை வைக்கிறோம். கூட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முகாமை நம்பினால் பிப்ரவரியில் நிறைந்திருந்த பாதுகாப்பு சித்திரை, வைகாசி என்று கரைந்துகொண்டே போகும். அதனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, என் கோழிகளில் இன்றைக்கு எத்தனைக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்பது. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை அளக்கும் பரிசோதனை ஆய்வகங்களில் உண்டுதான். ஆனால் வீட்டுக்கு அதைவிடக் கைகொடுப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு.

இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்வதை நிறுத்தப் போவதில்லை. எந்தக் கோழி எந்தத் தேதியில் எத்தனை குஞ்சு பொரித்தது, அந்த ஈட்டுக்கு என்று சொட்டு போட்டது, என்று ஊசி போட்டது, வெளியிலிருந்து வந்த கோழி எது. இவ்வளவு எழுதினால் போதும். எழுதப் படிக்க நேரமில்லை என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள், சந்தோஷமாக எழுதும்.

நோட்டோடு ஒரு சாக்கும் வேண்டும். இரவில் கோழி அடையும் கட்டைக்குக் கீழே பழைய சிமெண்டு சாக்கை வெட்டி விரித்து வையுங்கள். காலையில் கூட்டைத் திறந்ததும் கோழிகளை எண்ணுங்கள், சாக்கில் கிடக்கும் எச்சத்தைப் பாருங்கள். நல்ல எச்சம் உருண்டையாக, ஓரத்தில் வெள்ளை படிந்து கிடக்கும். பச்சையாகத் தண்ணீராகப் பரவியிருந்தால் அன்றைக்கே கட்டையில் எது குறுகி உட்கார்ந்திருக்கிறது என்று தேடுங்கள். மண்தரையில் இது தெரியாது, காலுக்கடியில் கலந்துவிடும். கழுத்தடியில் இருக்கும் இரைப்பை நிறையாமல் அடைந்த கோழியை முந்தின நாள் மாலையே தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். உங்கள் சேவல் ஒன்பதாம் நாள் நோயுற்றது என்கிறீர்கள். எட்டாம் நாள் மாலை அதன் இரைப்பை காலியாக இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

சேவல் வந்த வழியையும் சொல்ல வேண்டும். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் நோயாக வெளிவர இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். சந்தையில் கொக்கரித்துக்கொண்டு நின்ற சேவல் அப்போதே அதைச் சுமந்திருக்கலாம். வெளிக்கோழி எதுவானாலும் மூன்று வாரம் தனிப் பஞ்சாரம், தனித் தண்ணீர்ச்சட்டி, வீட்டின் அந்தப் பக்கம். நேர்த்திக்கடனுக்கு என்றால் கடைசி நாளில் வாங்கிக் கோயிலுக்கே கொண்டு போய்விடுங்கள். நோய் வந்தது தெரிந்தவுடன் கூடையைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் வந்து பாதி விலைக்குக் கேட்பார்களே, அவர்களுக்கு ஒரு கோழியும் கொடுக்காதீர்கள். உங்களிடம் வாங்கிய நோயை அடுத்த ஊரில் இறக்குவது அந்தக் கூடைதான். சந்தைக்கு உங்கள் சேவலைக் கொண்டு வந்தவரும் இப்படி அவசரத்தில் விற்றவராக இருக்கலாம்.

இப்போது மிச்சமுள்ள 23-க்கு. முடங்கியதைப் பிரித்து வையுங்கள். நன்றாக மேய்பவற்றுக்கு முதலிலும், நோயுற்றவற்றுக்குக் கடைசியிலும் தண்ணீர் வையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸ் மனிதர் கண்ணில் பட்டால் கண் சிவந்து உறுத்தும். செத்ததை ஓடையிலோ கிணற்றிலோ போடாமல் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஆனால் இனி ஒன்று செத்தால் அதைப் புதைக்காதீர்கள். அறுத்துப் பார்க்கவும் வேண்டாம். இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றே கால்நடை மருந்தகத்தில் ஒப்படையுங்கள். போக முடியாவிட்டால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கடிதத்தைப் படித்து நான் பேர் சொல்வது வேறு, சோதித்துச் சொல்வது வேறு. கோழிக் காலராவும் திடீரென்று கொல்லும், அதற்கு மருந்து உண்டு. பறவைக் காய்ச்சலும் இப்படித் தொடங்கலாம். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் அது வந்தபோது லட்சக்கணக்கான கோழிகளை அழிக்க வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் காக்கையும் செத்துக் கிடந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் சொல்லுங்கள்.

நோய் ஓய்ந்து ஒரு மாதமாவது போகட்டும், அதுவரை புதுக்கோழி வேண்டாம். பிறகு ஒவ்வொரு ஈட்டுக்கும் ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரம் மறுபடி ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைக்கடியில் ஊசி. உங்கள் பத்துக் குஞ்சுக்காக நூறு கோழிக்கான மருந்துக்குப்பியை உடைக்க மருத்துவர் தயங்குவார், அவர் தயக்கமும் நியாயம்தான். தெருவில் ஆறேழு வீட்டு நோட்டுகளைச் சேர்த்து, இத்தனை குஞ்சு இருக்கிறது என்று எண்ணிக்கையோடு போய்க் கேளுங்கள். வாங்கி வரும்போது ஐஸில் வர வேண்டும், கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். காலையில் கலக்கிய குப்பியை வெயிலில் வைத்து மத்தியானம் வரை போட்ட ஒரு முகாமைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைவிடத் தண்ணீரைப் போட்டிருக்கலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனம்போல் தின்னக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தும் உருவாக்கியிருக்கிறது, உங்கள் மருந்தகத்தில் விசாரியுங்கள்.

அடைக்கோழியைக் கலைக்காதீர்கள். நோயுற்ற கோழிகள் அந்தப் பக்கம் போகாமல் மறைப்புக் கட்டி, அதற்கு மட்டும் தனியாகத் தீவனமும் தண்ணீரும் வையுங்கள். அதைத் தொடும் முன் கையைக் கழுவுங்கள், மற்றவற்றைத் தொட்ட செருப்போடு அங்கே போகாதீர்கள். பொரிக்கிற தேதியை நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள். அதிலிருந்து ஏழாவது நாளைச் சுவரில் இருக்கும் காலண்டரிலும் வட்டம் போட்டு வையுங்கள்.