சிவப்பு ரோஜா படத்தில் ஏன் அப்பிக் கிடக்கிறது?
ஊட்டி ரோஜாத் தோட்டத்தில் எடுத்த சிவப்பு ரோஜாக்கள் மடிப்பே தெரியாமல் சாயம் அப்பியதுபோல் வருகின்றன, படமும் நெரிசலாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமரா மொத்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதை, முடிவு செய்கிறது, அதில் சிவப்பு மட்டும் தனியாக எல்லை தாண்டிவிட்டால் இதழின் விவரம் அங்கேயே போய்விடும், அப்புறம் எடிட்டிங்கில் எவ்வளவு இழுத்தாலும் ஜேபெக்கில் (கேமரா சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான JPEG கோப்பு) திரும்பாது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/- அமைப்பு) மைனஸ் 0.7 அளவுக்கு இறக்கி, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். முடிந்தால் ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா சுருக்காத மூலப் பதிவாக எடுங்கள். வெள்ளைப் பூ ஃபிரேமை நிறைத்தால் நேர்மாறு, கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். மூட்டம் இறங்கும்போது எடுங்கள், வெளிச்சம் பரவி நிழல் மென்மையாகும், மலையில் இது இலவசமாகவே கிடைக்கிறது! படத்தில் நீலம் ஏறினால், நிறச் சாயலைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸைக் கிளவுடிக்கு மாற்றினால் சரி. நனைந்த இதழ் மினுங்கினால் லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டுங்கள்.

நெரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் பின்னணிதான். பூவின் உயரத்துக்குக் குனிந்து, பின்னால் தூரத்து மர நிழலோ வெறும் பச்சையோ வரும்வரை சுற்றி வாருங்கள், சிவப்புக்கு அந்த இருண்ட பச்சைதான் எடுப்பு. ஒரே ஒரு பூவைத் தேர்ந்தெடுங்கள், அது திரும்பியிருக்கும் பக்கம் இடம் விடுங்கள்.